எடை கூடட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: மூன்று நாள் முன்பு பிறந்த என் பேரனுக்கு உதடும் நாக்கும் நீலமாக இருக்கின்றன. எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறியிருக்கின்றன, சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். எடை 2.6 கிலோதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இதய ஓட்டை தானாகவே மூடிக்கொண்டதே, நாங்களும் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: கூடாதம்மா. (உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டோம்.) கீழறைச் சுவரில் உள்ள சின்ன ஓட்டை, தசை வளர வளர மூடிக்கொள்வது உண்டு. இடம் மாறிய குழாய் அப்படித் திரும்பாது. அசுத்த ரத்தம் உடம்பையே சுற்றுகிறது, சுத்த ரத்தம் நுரையீரலையே சுற்றுகிறது. இரண்டும் கலக்க உதவும் டக்டஸ் என்ற சிறு குழாய் பிறந்த சில நாட்களில் மூடிவிடும்.

அதைத் திறந்து வைக்கத்தான் ஊசி வழியாக விடாமல் ஏற்றும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து. கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 மைக்ரோகிராம் என்று தொடங்கினால் உங்கள் பேரனுக்கு நிமிடத்துக்கு 0.13 மைக்ரோகிராம். மருந்து நின்றால் சில நிமிடங்களிலேயே அதன் வேகம் போய்விடும். ஆகவே ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் இரண்டாவது ஊசி வழி போட்டிருக்கிறதா, மருந்தைச் செலுத்தும் சிரிஞ்ச் பம்பில் சார்ஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். தொப்பூர் கணவாய் வளைவில் ஊசி நழுவினால் புதிதாக நரம்பு தேடுவது லேசல்ல. இந்த மருந்தில் குழந்தை திடீரென மூச்சை நிறுத்தவும் கூடும். அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும் அதை அழுத்தத் தெரிந்தவரும் கூடவே வர வேண்டும். ரத்தம் கலக்க உதவும் மேலறை ஓட்டை குறுகலாக இருந்தால் முதலில் பலூன் வைத்து அகலப்படுத்துவார்கள்.

எடையைவிட நாள்தான் முக்கியம். இந்தக் குழந்தைகளுக்கு இடது கீழறை நுரையீரலுக்குத்தான் ரத்தம் தள்ளுகிறது. பிறந்த பின் அங்கே அழுத்தம் இறங்க இறங்க, வேலை குறைந்து தசை மெலியும். சில வாரம் கடந்துவிட்டால், ஆபரேஷனுக்குப் பின் உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ள அதற்குத் தெம்பிருக்காது. அதனால்தான் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள்.

ஆபரேஷனில் இரு குழாய்களையும் வெட்டி இடம் மாற்றித் தைப்பார்கள். 1975இல் பிரேசிலில் ஜடேன் என்ற அறுவை மருத்துவர் முதலில் வெற்றி கண்ட முறை இது. சிக்கலான இடம், இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி குழாய்கள்: நூல் போன்ற அந்தக் குழாய்களைச் சுற்றுச் சுவரோடு பொத்தான்போல் வெட்டி எடுத்துப் புதிய பெருந்தமனியில் பொருத்த வேண்டும். அது முறுக்கிக்கொண்டால் இதயத் தசைக்கே ரத்தம் போகாது. வீக்கம் இருந்தால் ஓரிரு நாள் மார்பை மூடாமலே வைப்பார்கள், பயப்படாதீர்கள்.

கிளம்பும்போது எக்கோ அறிக்கையும் முதல்வர் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும். பெங்களூரு போவதானால், அங்கே அந்த அட்டை செல்லுமா என்று முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.