பாட்டில் மூன்றும் இருக்கட்டும், மண்ணில் சூடு எவ்வளவு?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் கேமரன் மலை ரிங்லெட்டில் இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களின் மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். மகன் இணையத்தில் வாங்கிக் கொடுத்த ராட்சதப் பரங்கி விதை எட்டையும் நவம்பர் தொடக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் நட்டேன். ஐந்துதான் முளைத்தது. ஒரு மாதம் ஆகியும் மூன்று இலையைத் தாண்டவில்லை. இலை வெளுத்து, அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிறது. இங்கே ஓயாத மழை, மூடுபனி. கடையில் வேருக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, பூ பிடிக்க ஒன்று என்று மூன்று பாட்டில் கொடுத்து 140 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். எதை முதலில் அடிப்பது? ஒரு பம்புக்கு எத்தனை மில்லி? பேரன் பள்ளிக்கூடத்தில் பந்தயம் வேறு கட்டிவிட்டான்.

பதில்: அண்ணே, மூன்றையும் அடிக்க வேண்டாம். மூடியைத் திறக்காமல் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வாங்க மாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள். மூன்று இலைச் செடிக்குப் பூ பிடிக்கும் மருந்து விற்றவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் வரட்டும். நடக்காத பிள்ளைக்குக் கல்யாண வேட்டி எடுத்த கதை இது. வேர் வேலை செய்யாத செடிக்கு இலைவழி தீனி கொடுத்தால் இலை ஈரமாகவே கிடக்கும், அந்த மூடுபனியில் பூஞ்சணம்தான் வந்து சேரும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. மண் எவ்வளவு சூடாக இருக்கிறது? காற்றைச் சொல்லவில்லை, மண்ணை. கடைத்தெருவில் இறைச்சி வேகும் சூடு பார்க்கக் குச்சி போன்ற தெர்மாமீட்டர் விற்கிறார்கள். அந்த மூன்று பாட்டிலில் ஒன்றின் விலைகூட ஆகாது. காலை ஏழு மணிக்கு, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு அங்குல ஆழத்தில் குத்தி, இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். இதை நான் பத்துப் பேரிடம் சொன்னால் ஒன்பது பேர் சிரிக்கிறார்கள். மருந்துக் கடையில் கடன் வைத்திருப்பவர்களும் அதே ஒன்பது பேர்தான்.

பரங்கி விதை 30 டிகிரி பக்கம் இருந்தால் நாலைந்து நாளில் முளைக்கும். 15-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் மண்ணுக்குள் கிடந்து அழுகும். உங்களுக்கு எட்டில் மூன்று போனது அப்படித்தான் இருக்கும். முளைத்ததும் நிற்கிறதே தவிர வளரவில்லை. அடி இலை ஊதாவானது பாஸ்பரஸ் கிடைக்காத அடையாளம். மண்ணில் இல்லாமல் அல்ல, குளிர்ந்த வேரால் அதை இழுக்க முடியவில்லை. எருவை மக்கவைத்துத் தழைச்சத்தாக மாற்றும் நுண்ணுயிர்களும் குளிரில் தூங்குகின்றன, அதனால்தான் வெளுப்பு. இந்த நேரத்தில் பசி என்று நினைத்து உரத்தைக் கொட்டினால், அது மழையோடு பள்ளத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கீரைக்குப் போகும்.

மண்ணைச் சூடாக்கப் பிளாஸ்டிக் விரிப்பு போதும். ஆனால் ஒரு விஷயம். நம் பக்கம் எல்லோரும் சில்வர்ஷைனை, அதாவது ஒரு பக்கம் வெள்ளி நிறமும் மறுபக்கம் கறுப்புமாக இருக்கும் விரிப்பை, வெள்ளிப் பக்கம் மேலே வைத்து விரிக்கிறோம். கீழ்நாட்டு வெயிலுக்கு அது சரி, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி மண்ணைக் குளிர்ச்சியாக வைக்கும். மலையில் இந்த மாதத்தில் அதைச் செய்தால் குளிர்கிற பிள்ளைக்கு விசிறி வீசுவதுபோல. கறுப்புப் பக்கம் மேலே வர வேண்டும், மண்ணோடு ஒட்டி இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் காற்று நின்றால் சூடு கீழே இறங்காது. நானும் ஒரு வருடம் பழக்கதோஷத்தில் வெள்ளியை மேலே வைத்துவிட்டு, விதையில்தான் கோளாறு என்று விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். திருப்பிப் போட்ட பிறகு தெர்மாமீட்டர் மூன்று டிகிரி ஏறியது.

ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிழியுங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் வந்தால் பாத்தி தாழ்வு. ஈர மண் லேசில் சூடேறாது. முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டுங்கள், காலை வெயில் விழும் சரிவாகப் பார்த்து.

இன்னொன்று, நீங்களே நன்றாக அறிந்தது. ஒரு காலத்தில் தேயிலை நின்ற மண்ணா அது? தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும், புளிப்பைச் சொல்லும் pH அளவில் 4.5 முதல் 5.5 வரை (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்). பரங்கி 6-க்கு மேல் கேட்கும். அந்தப் புளிப்பும் பாஸ்பரஸைக் கட்டிப்போடும். டோலமைட் சுண்ணாம்பை இப்போதே கொத்திக் கலந்துவிடுங்கள், அது வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும்.

இருக்கும் ஐந்து செடி? உள்ளதில் தெம்பானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும். இந்த ரகத்தில் ஒரு கொடிக்கே நானூறு ஐந்நூறு சதுர அடி வேண்டும். வெட்ட மனம் வராது, தெரியும்.

என்னைக் கேட்டால் ஜனவரி நடுவில் புதிதாகத் தொடங்குங்கள். மழை குறைந்து வெயில் எட்டிப் பார்க்கும் நேரம் அது. கூர்முனையைத் தொடாமல் விதையின் ஓரங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சில மணி நேரம் ஊறவைத்து, ஈரத் துணியில் சுற்றி பிரிட்ஜின் தலைமேல் வையுங்கள். அங்கே இரவும் பகலும் கதகதப்பு இருக்கும். வேர் நுனி வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் பாலிபேக்கில் நட்டு, முதல் நிஜ இலை விரியும்போதே பையைக் கிழித்து மண் உடையாமல் பாத்திக்கு மாற்றுங்கள். பரங்கி வேர் அலைக்கழித்தால் மன்னிக்காது.

பேரன் என்ன பந்தயம் கட்டினான் என்று எழுதவில்லை. 2023-இல் அமெரிக்காவின் டிராவிஸ் கிங்கர் 1,247 கிலோ காய் கொண்டுவந்தார். அவர் ஊர்க் கோடையில் பகல் பதினைந்து மணி நேரம், நமக்கு வருடம் முழுக்கப் பன்னிரண்டுதான். அதனால் டன் கணக்கு வேண்டாம். அவன் இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாத காய் என்று பந்தயத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

தெர்மாமீட்டர் வாங்கியதும் ஏழு நாள் காலை அளவை எழுதி அனுப்புங்கள். உரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.