கார்டு மோசடி: எந்த எச்சரிக்கையை நம்பலாம்?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி அடிக்கடி வருகிறது. கார்டு நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லும் ஒருவர், நம் பெயர், முகவரி, கார்டு எண் ஆகியவற்றைத் தாமே சொல்லிவிட்டு, கார்டு நம் கையில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்வதற்காகப் பின்பக்கத்தில் உள்ள மூன்று இலக்கங்களை மட்டும் கேட்பாராம். பல ஆண்டுகளாகச் சுற்றும் செய்தி என்பதால் இது வதந்திதான் என்கிறார் என் மைத்துனர். எதை நம்புவது?

பதில்: செய்தி பழையது என்பது சரி. 2000-களின் தொடக்கத்திலேயே இது மின்னஞ்சலில் வலம்வந்தது. ஆனால் அதில் சொல்லப்படும் ஏமாற்று முறை உண்மையானது, இன்றும் நடக்கிறது. மைத்துனரின் சந்தேக குணம் நல்லதுதான், இந்த ஒரு செய்தியில் மட்டும் அது தவறான இடத்தில் போய் நின்றுவிட்டது.

மோசடிக்காரர் அந்த மூன்று இலக்கங்களை மட்டும் ஏன் கேட்கிறார் என்று யோசித்தால் விஷயம் விளங்கும். சிவிவி எனப்படும் அந்த எண் கார்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதே தவிர, அதே எண் காந்தப்பட்டையிலோ சிப்பிலோ பதியப்படுவதில்லை. பணம் செலுத்துவதற்கான ஒப்புதல் கிடைத்த பிறகு வணிகர் யாரும் அதைச் சேமித்து வைக்கக் கூடாது என்று கார்டுத் துறையின் பொதுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. ஆகவே ஓர் இணையக் கடையின் வாடிக்கையாளர் பதிவேடு திருடு போனால், திருடியவரிடம் பெயர், முகவரி, கார்டு எண், காலாவதி மாதம் எல்லாம் சேர்ந்துவிடும். மூன்று இலக்கங்கள் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அந்தக் குறையை நிரப்பிக்கொள்ளத்தான் அவர் உங்களை அழைக்கிறார். அவர் சொல்லும் தகவல்கள் சரியாக இருப்பது அவர் வங்கி ஊழியர் என்பதற்குச் சான்றாகாது. உங்கள் தகவல் எங்கோ கசிந்திருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும்.

சில வேளைகளில் அதுகூடத் தேவைப்படுவதில்லை. கார்டு எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் கார்டை வழங்கிய நிறுவனத்தைக் குறிப்பவை. ஒரே வங்கியின் ஒரே வகைக் கார்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் அவை பொதுவாக ஒன்றாகவே இருக்கும். உங்கள் வங்கி எது என்று தெரிந்த ஒருவர் அந்த இலக்கங்களை வரிசையாகச் சொல்லிக் காட்டி நம்பிக்கையைப் பெற்றுவிட முடியும்.

இப்போது மூன்று இலக்கங்களின் இடத்தில் ஓடிபி வந்திருக்கிறது. 'உங்கள் கார்டில் சந்தேகத்துக்குரிய செலவு ஒன்று நடக்கிறது, அதை ரத்து செய்ய உங்களுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்' என்பார்கள். அந்த எண் ரத்து செய்வதற்கு வந்ததன்று, அந்தச் செலவுக்கு ஒப்புதல் கொடுப்பதற்கு வந்தது. அவசரத்தில் குறுஞ்செய்தியின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அதனுடன் உள்ள வாசகத்தைப் படிக்காமல் விடுபவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

எந்த அழைப்பாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இணைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களாக அழைத்துக் கேளுங்கள். திரையில் வங்கியின் பெயரோ எண்ணோ தோன்றியது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அவற்றைப் போலியாகக் காட்டுவது எளிது.

கேள்வி: ஏடிஎம்மில் யாராவது மிரட்டிப் பணம் எடுக்கச் சொன்னால், பின் எண்ணைத் தலைகீழாக அழுத்தினால் பணமும் வரும், காவல் துறைக்கும் தகவல் போகும் என்று படித்தேன். என் மகளுக்குச் சொல்லி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இது பொய். இப்படி ஒரு யோசனைக்கு 1998-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த ஏற்பாடு வங்கிகளின் ஏடிஎம்களில் நடைமுறைக்கு வரவில்லை. வதந்தி உயிரோடு இருப்பதற்குக் காரணம் இந்தச் சிறு உண்மைத் துளிதான். 1221, 7777 போன்ற எண்களைத் திருப்பினால் என்ன கிடைக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாலே செய்தியின் ஓட்டை தெரிந்துவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முந்தைய செய்தியைப் பகிர்ந்தவரால் யாருக்கும் கேடு வராது. இந்தச் செய்தியை நம்பிய ஒருவர், கத்தி முனையில் நிற்கும்போது தவறான எண்ணை அழுத்தி, பணமும் வராமல், எதிரில் நிற்பவரின் கோபத்தையும் கூட்டிக்கொள்வார். அந்த நேரத்தில் கேட்டதைக் கொடுத்துவிட்டு உயிரோடு வெளியேறுவதே சரி. கார்டை முடக்குவதையும் புகார் கொடுப்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: தொட்டால் பணம் போகும் கார்டு வைத்திருக்கிறேன். கூட்டத்தில் ஒருவர் கருவியை அருகில் கொண்டுவந்தால் பணத்தை உருவிவிடுவாராமே?

பதில்: முற்றிலும் முடியாதது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பரவும் காணொளிகள் காட்டும் அளவுக்கு எளிதன்று. கார்டை வாசிக்கக் கருவி சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் சிப் புதிய மறைக்குறியீடு ஒன்றை உருவாக்குவதால், ஒருமுறை பிடித்த தகவலை மீண்டும் பயன்படுத்த இயலாது. பணம் போய்ச் சேருவதற்கு ஒரு வணிகர் கணக்கும் தேவை. அந்தக் கணக்கு யாருடையது என்பது வங்கிக்குத் தெரியும். கவலையாக இருந்தால் வங்கியின் செயலியில் இந்த வசதியை நிறுத்தி வைக்கலாம். தனி உறை வாங்குவது உங்கள் விருப்பம்.

உங்கள் கவலையை ஏடிஎம் பக்கம் திருப்புங்கள் என்பேன். காந்தப்பட்டையில் உள்ள தகவல் மாறாதது. கார்டு நுழையும் வாயின் மேல் பொருத்தப்படும் ஸ்கிம்மர் அதை நகலெடுத்துவிடும். பின் எண்ணைப் பிடிப்பதற்குச் சிறிய கேமராவோ விசைப்பலகையின் மேல் ஒட்டிய போலிப் பலகையோ இருக்கும். கார்டு வாயைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். எண்களை அழுத்தும்போது மறு கையால் மூடிக்கொள்ளுங்கள். கேமராவை ஏமாற்ற இந்தப் பழக்கம் போதும்.

கேள்வி: இப்படி எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. மெய் எது, பொய் எது என்று சாதாரண ஆள் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: நான் முதலில் பார்ப்பது செய்தியில் தேதியும் இடமும் இருக்கின்றனவா என்பதை. 'நேற்று என் நண்பருக்கு நடந்தது' என்று ஒரு செய்தி பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த 'நேற்று' என்றைக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. 'காவல் துறை அறிவித்துள்ளது' என்றால் எந்த ஊர்க் காவல் துறை, அந்த அறிவிப்பு அவர்களுடைய சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செய்தியிலிருந்து விசித்திரமான ஒரு வரியை அப்படியே எடுத்து, 'வதந்தி' என்ற சொல்லோடு சேர்த்துத் தேடினால், உண்மை சரிபார்ப்பவர்கள் முன்பே ஆராய்ந்து எழுதியிருப்பது பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அதைவிட முக்கியமானது, செய்தி உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்பது. 'யாரிடமும் எண்ணைச் சொல்லாதீர்கள்' என்று மட்டும் சொல்லும் எச்சரிக்கை பொய்யாகவே இருந்தாலும் அதைப் பின்பற்றுவதில் நட்டமில்லை. 'உங்கள் கார்டு பாதுகாப்பாக உள்ளதா என்று இங்கே சோதியுங்கள்' என்று ஒரு இணைப்போ, 'உடனே இந்த உதவி எண்ணை அழையுங்கள்' என்று ஓர் எண்ணோ இருந்தால், எச்சரிக்கையே தூண்டிலாக இருக்கக்கூடும். மோசடியைப் பற்றிய அச்சத்தை ஊட்டி அதே மூச்சில் ஏமாற்றுவது நன்றாகப் பலிக்கும் உத்தி. பயந்திருப்பவர் உதவிக்குக் கை நீட்டுவார் என்பது அவர்களுக்குத் தெரியும். தேடுபொறியில் முதலில் வரும் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் இதே ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் அம்மா நேற்று மூன்று இலக்கங்களையும் ஓடிபியையும் சொல்லிவிட்டார். இனி என்ன செய்வது?

பதில்: முதலில் அம்மாவைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்கு லாபம். இப்போதே வங்கியை அழைத்து கார்டை முடக்குங்கள், புகார் எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள், பிறகு காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவில் பதிவு செய்யுங்கள். அந்த அழைப்பு வந்த எண், நேரம், குறுஞ்செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். வங்கி எவ்வளவு பொறுப்பேற்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், எத்தனை விரைவாகத் தெரிவித்தீர்கள் என்பது பல இடங்களில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஓடிபி கொடுத்து ஒப்புதலான செலவைத் திரும்பப் பெறுவது கடினம். கேட்காமல் விடவும் கூடாது. கடன் அட்டையாக இருந்தால், அந்தச் செலவை மறுப்பதாக எழுத்து மூலம் கொடுத்துவிடுங்கள். பற்று அட்டையாக இருந்தால் போனது உங்கள் சொந்தப் பணம் என்பதால் இன்னும் வேகம் தேவை.

அடுத்த சில வாரங்களுக்குக் கணக்குப் பட்டியலில் மிகச் சிறிய தொகைகளையும் கவனியுங்கள். கார்டு வேலை செய்கிறதா என்று அற்பத் தொகையில் சோதித்துப் பார்த்த பிறகே பெரிய செலவுக்குப் போகும் வழக்கம் உண்டு. இன்னொன்றையும் வங்கியிடம் கேட்டுவிடுங்கள். மாதச் சந்தா வாங்கும் வணிகர்களுக்குப் புதிய கார்டு எண்ணைத் தானாகவே தெரிவிக்கும் ஏற்பாடு விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இருக்கிறது. அம்மாவின் பெயரில் மோசடிக்காரர் ஏதாவது சந்தாவைத் தொடங்கியிருந்தால், கார்டை மாற்றிய பிறகும் அது தொடரலாம். அந்த வணிகரைக் குறிப்பிட்டுத் தனியாகத் தடை செய்யச் சொல்ல வேண்டும்.