புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

கேள்வி: என் வீட்டில் 300 லிட்டர் கடல்மீன் தொட்டி இருக்கிறது. இரண்டு க்ளௌன் மீன்கள், ஒரு நீல டாங் மீன், கொஞ்சம் பவளம், நத்தைகள், இரண்டு க்ளீனர் இறால். மூன்று வாரத்துக்கு முன் புதிதாக ஒரு கோபி மீன் வாங்கி விட்டேன். அடுத்த வாரமே டாங்கின் உடம்பில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தீனியில் பூண்டுச் சாறு கலந்து கொடுத்தேன், நான்கே நாளில் மறைந்துவிட்டன. இப்போது முன்னைவிட அதிகமாக வந்திருக்கின்றன, க்ளௌன்களையும் பிடித்துவிட்டது. மீன் வாங்கிய இடத்தில் ஒரு செம்பு மருந்து கொடுத்து, பாதி அளவு ஊற்றினால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். பாதி அளவு மட்டுமல்ல, கால் அளவும் வேண்டாம். அந்த பாட்டிலை மூடி வைத்துவிட்டு இதை முழுக்கப் படியுங்கள். மருந்து தேவைதான். ஆனால் அது போக வேண்டிய இடம் இந்தத் தொட்டி இல்லை.

பல வருடங்களுக்கு முன் நானும் இதே பாதி அளவை நம்பி ஊற்றினேன். மறுநாள் காலை இறால்கள் இரண்டும் பாறையடியில் பக்கவாட்டில் கிடந்தன. நத்தைகள் கண்ணாடியை விட்டுக் கீழே விழுந்திருந்தன. மீன் மேல் இருந்த புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன. ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்குக் கீழேயே செம்பு இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், பவளத்தையும் விடாது. பாதி அளவு ஊற்றினால் காக்க வேண்டியது சாகும், சாக வேண்டியது பிழைக்கும். போதாததற்கு, தொட்டியில் இருக்கும் பாறையும் மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்ளும். நீரில் அளவு நிற்காது. உறிஞ்சியதைப் பின்னால் எப்போது திருப்பி விடும் என்றும் சொல்ல முடியாது.

சரி, நான்கு நாளில் புள்ளி போனது எப்படி? பூண்டால் இல்லை. நீங்கள் சொல்வதையெல்லாம் வைத்துப் பார்த்தால் இது கடல்மீன் வெண்புள்ளி நோய், கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணியின் வேலை. அது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கும். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். வயிறு நிறைந்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலோ பாறையிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் உருவாகி, பெரும்பாலும் இருட்டு நேரத்தில் வெளியே வந்து, தூங்கும் மீன்களைத் தேடிப் போகும். ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். ஆக, உங்கள் டாங் குணமானதுபோல் தெரிந்த அந்த ஒரு வாரம்தான் நோய் பெருகிய வாரம்.

மருந்து இந்தச் சுற்றில் ஒரே ஓர் இடத்தில்தான் வேலை செய்யும். தோலுக்குள் இருப்பதையும் ஓட்டுக்குள் இருப்பதையும் செம்பு தொடாது. நீரில் நீந்தி வரும் குஞ்சை மட்டுமே கொல்லும். அதனால்தான் ஒரே நாளில் தீர்க்க முடியாது. குஞ்சு எந்த ராத்திரி வெளியே வந்தாலும் நீரில் சரியான அளவு செம்பு காத்திருக்க வேண்டும். க்ளீனர் இறால் புள்ளியைத் தின்றுவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. தோலுக்கு அடியில் இருப்பதை அது எப்படித் தின்னும்?

இனி செய்ய வேண்டியது: எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். புள்ளியே இல்லாத கோபியையும் சேர்த்துத்தான். செவுளுக்குள் இருந்தால் வெளியே தெரியாது. நூறு லிட்டர் அளவில் ஒரு வெறும் கண்ணாடித் தொட்டி போதும். மணல், பாறை எதுவும் வேண்டாம். ஹீட்டர், காற்றுக்கல், ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன்கள் ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான். நீர் நிரப்பும்போது வாளி வாளியாக அளந்து ஊற்றி, நீர் நிற்கும் மட்டத்தில் வெளியே ஒரு டேப் ஒட்டுங்கள். தொட்டியின் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பி மருந்து அளந்தால் தப்பாகும். டாங்கை வலையில் பிடிக்காதீர்கள். வாலடியில் இருக்கும் முள் வலையில் மாட்டிக்கொண்டு மீனைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் வைத்து அதற்குள் ஓட்டிப் பிடியுங்கள்.

அப்புறம் மருந்து. பாட்டிலில் எந்த வகைச் செம்பு என்று முதலில் பாருங்கள். சாதாரண அயனிச் செம்புக்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான் சிகிச்சை அளவு. வேறு வேதிப்பொருளோடு பிணைத்த சீலேட்டட் செம்புக்கு அது ஏறக்குறைய பத்து மடங்கு, 1.5 முதல் 2 மில்லிகிராம் வரை போகும். இடைப்பட்ட வகைகளும் உண்டு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் மீன் மொத்தமும் போய்விடும். லேபிளில் வகையும் அளவும் இல்லையென்றால் அந்த பாட்டிலைத் தொடவே வேண்டாம், வேறு வாங்குங்கள். அந்த வகைச் செம்பை அளக்கக்கூடிய டெஸ்ட் கிட்டும் கூடவே வேண்டும். கிட் இல்லாமல் செம்பைத் தொடக் கூடாது, இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

முழு அளவையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். மூன்று நான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் அளந்து பாருங்கள். மீன் தீனியை மறுத்தாலோ வேகமாக மூச்சு வாங்கினாலோ அந்த அளவிலேயே ஒரு நாள் நிறுத்துங்கள். முழு அளவு வந்தபின் 30 நாள் அதே அளவில் நிற்க வேண்டும். நடுவில் ஒரு நாள் இறங்கினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள். ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதில் உப்பில்லாத நல்ல நீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பும் செம்பும் ஆவியாகாது. உப்புநீரை மாற்றும்போது, புது நீரிலும் அதே அளவு மருந்து முன்கூட்டியே கலந்திருக்க வேண்டும். நீரைச் சுத்தம் செய்ய ஃபில்டரில் போடும் கார்பன் செம்பை இழுத்துவிடும், அதனால் அது உள்ளே இருக்கக் கூடாது.

இந்த மாதிரி வெறும் தொட்டியில் நோயைவிட, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவில் சாகும் மீன்கள் அதிகம் என்பது என் அனுபவம். பெரிய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் இருந்தால் அதையே கொண்டுவந்து போடுங்கள், அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் இருக்கும். அதில் ஒட்டுண்ணி இருந்தாலும் செம்பு பார்த்துக்கொள்ளும். தினமும் அமோனியா பாருங்கள், ஏறினால் நீரை மாற்றுங்கள். அமோனியாவைக் கட்டும் திரவங்களை மட்டும் ஊற்றாதீர்கள். அவற்றில் பல செம்போடு சேர்ந்தால் விஷத்தைக் கூட்டிவிடும். ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், இது பாக்டீரியா நோய் இல்லை.

ஒரு விஷயம் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அறை விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து டாங்கின் தோலைப் பாருங்கள். தனித்தனி உப்புக்கல்லாக இல்லாமல் பொன்னிறத் தூசு படிந்ததுபோல் இருந்து, மீன் மூச்சு வாங்கிக்கொண்டு, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கி, பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே போய் நின்றால் அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். ஓரிரு நாளில் கொன்றுவிடும். அப்போது நான் சொன்ன நிதானம் செல்லாது, மீன்களை உடனே மாற்றி லேபிள் அனுமதிக்கும் வேகத்தில் செம்பை ஏற்றுங்கள். மீன் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் கிடைத்தால், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பெரிய தொட்டிக்கு மருந்தே வேண்டாம், பட்டினிதான் மருந்து. மீன் இல்லாவிட்டால் குஞ்சுகள் தானாகச் செத்துவிடும். ஆனால் ஓட்டுக்குள் இருப்பவை வெளிவர 72 நாள் வரை ஆனதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் 76 நாள் மீன் இல்லாமல் வையுங்கள். இறாலும் நத்தையும் பவளமும் அங்கேயே இருக்கட்டும், அவற்றுக்கு நோய் வராது. இறாலுக்குக் கொஞ்சமாகத் தீனி போட்டு வாருங்கள். இரண்டு தொட்டிக்கும் தனித்தனி வலை, குழாய், வாளி வையுங்கள். ஒன்றில் நனைந்த கையைக் கழுவித் துடைக்காமல் இன்னொன்றில் விடாதீர்கள். 30 நாள் முடிந்ததும் கார்பன் போட்டுச் செம்பை எடுத்துவிட்டு, மிச்ச நாளும் மீன்களை அங்கேயே வைத்துப் பாருங்கள்.

76 நாளை எண்ணும்போது, கடைசி மீனை வெளியே எடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள். அந்தக் கோபி பாறைக்குள் ஒளிந்து நான்கு நாள் கழித்துப் பிடிபட்டால், அன்றுதான் முதல் நாள்.