டோர் ரிலேவுக்கு அப்யூஸ் மெயில் வந்தா என்ன பண்றது? கேள்வி பதில்

டோர்ங்கிறது யாருன்னு தெரியாம இன்டர்நெட்ல போக உதவுற நெட்வொர்க், ரிலேங்கிறது அதுக்காக தன்னார்வலர்கள் ஓட்டுற சர்வர். கடைசி ரிலேதான் எக்ஸிட், போய்ச் சேர்ற சைட்டுக்கு அதோட ஐபிதான் தெரியும், அதனால யாராவது தப்பு பண்ணா புகார் (அப்யூஸ்) மெயில் அங்கதான் வரும். ரிலே ஓட்டுறவங்களும் ஓட்டலாமான்னு யோசிக்கிறவங்களும் கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் போட்டிருக்கேன்.

கேள்வி: என் எக்ஸிட் ஐபிலேர்ந்து வேற ஒருத்தரோட சர்வருக்கு யாரோ எஸ்எஸ்ஹெச் (தூரத்துலேர்ந்து சர்வருக்குள்ள நுழையுற வழி) பாஸ்வேர்டு மாத்தி மாத்தி அடிச்சிருக்காங்கன்னு ஹோஸ்டிங்லேர்ந்து மெயில், 24 மணி நேரத்துல பதில் கேக்குறாங்க. சர்வரை நிறுத்திடவா அண்ணா?

பதில்: நிறுத்தாதீங்க தம்பி, இன்னைக்கே பதில் போடுங்க. அந்த மெயில் பெரும்பாலும் ஃபெயில்டுபேன் மாதிரி, தப்பான லாகின் முயற்சியைக் கவனிக்குற ஒரு சாஃப்ட்வேர் தானா அனுப்புனது, ஆனா உங்க ஹோஸ்டிங்ல அதைப் பாக்குறது ஒரு மனுஷன், அவருக்கு அந்தப் புகார் டிக்கெட்டை மூடணும், அவ்வளவுதான். பதிலே வரலன்னாதான் சர்வரை முடக்குவாங்க. "இந்த ஐபில டோர் எக்ஸிட் ஓடுது, இந்த ட்ராஃபிக் எங்க மெஷின்ல ஆரம்பிக்கல, யார் அனுப்புனாங்கன்னு எங்ககிட்ட பதிவும் இல்ல, புகார் குடுத்தவங்க ஐபிக்கு இனிமே எங்க எக்ஸிட்லேர்ந்து போகாம அடைச்சுட்டோம்" இவ்வளவு போதும், சட்டம் பேசி சண்டைக்கு நிக்காதீங்க. அடைச்சுட்டோம்னு எழுதுறதுக்கு முன்னாடி நிஜமாவே அடைச்சிருங்க. எக்ஸிட் பாலிசில (எந்த ஐபி, போர்ட்டுக்குப் போகலாம்னு சொல்ற டோர் செட்டிங்) அந்த ஐபியை அடைக்குற ரிஜெக்ட் வரி மேல இருக்கணும், டோர் மேலேர்ந்து படிச்சுட்டு வரும், முதல்ல எது பொருந்துதோ அதையே எடுத்துக்கும், கீழ போட்டா புண்ணியமில்ல. அப்புறம் ரீலோட் பண்ணா போதும், ரீஸ்டார்ட் வேணாம்.

கேள்வி: வாரா வாரம் இதே கதையா இருக்கே, குறைக்க வழி?

பதில்: எஸ்எஸ்ஹெச் போற போர்ட் 22-ஐ மூடுங்க, பாதி தொல்லை அதுலயே போயிடும். மெயில் அனுப்புற போர்ட் 25 டீஃபால்ட்லயே மூடித்தான் இருக்கும். ஒவ்வொண்ணா யோசிக்க முடியாதுன்னா ரெடியூஸ்டு எக்ஸிட் பாலிசின்னு, குறிப்பிட்ட போர்ட்களை மட்டும் திறந்து வெக்கிற ரெடிமேட் பட்டியல் ஒண்ணு இருக்கு, டோரன்ட் காப்பிரைட் நோட்டீஸ் அதுல நல்லாவே குறையும், ஆனா அதுல 22 திறந்திருக்கும், அதை நீங்கதான் எடுக்கணும். வெப்சைட்டுக்கான 80, 443 திறந்திருந்தாலே எக்ஸிட் கொடி (இது எக்ஸிட்டுன்னு டோர் நெட்வொர்க் குடுக்குற அடையாளம்) கிடைச்சுடும், அதனால போர்ட் குறைக்குறோமேன்னு வருத்தப்படாதீங்க. ரிவர்ஸ் டிஎன்எஸ்ல (ஐபியைத் தேடுனா வர்ற பேர்) டோர் எக்ஸிட்னு தெரியுற மாதிரி பேர் வைங்க, போர்ட் 80-ல டோர் குடுக்குற எக்ஸிட் அறிவிப்புப் பக்கத்தையும் போடுங்க, புகார் எழுதப்போறவர் பாத்துட்டு எழுதாமலே போயிடுவார்.

கேள்வி: என்னோடது மிடில் ரிலே (நடுவுல இருக்குறது), டோருக்கு வெளிய எதுவும் போகாது, எனக்கும் போர்ட் ஸ்கேன் (எந்த போர்ட் திறந்திருக்குன்னு தேடுறது) புகார் வந்துச்சு, எப்படி?

பதில்: 2024 அக்டோபர் கடைசில நிறைய பேருக்கு இது நடந்துச்சு. யாரோ டோர் ரிலேக்களோட ஐபியை அனுப்புநரா பொய்யா போட்டு ஊர்ல இருக்குற சர்வர் போர்ட் 22-க்கெல்லாம் சின் பாக்கெட் (இணைப்பு கேக்குற முதல் பாக்கெட்) அடிச்சாங்க, அடி வாங்குனவங்க ரிலேக்காரங்க மேல புகார் குடுத்தாங்க. நவம்பர் 7-ம் தேதி மூலத்தைக் கண்டுபிடிச்சு நிறுத்துனாங்க. நம்ம ரிலேக்களையே பிடுங்கி எறிய வைக்கிற அந்த வேலையை நினைச்சா எனக்கு இன்னும் கோவம் வருது. மறுபடி வந்தா டிசிபிடம்ப் (போற வர்ற பாக்கெட்டைப் பதிவு பண்ற டூல்) போட்டுப் பாருங்க: உங்க மெஷின்லேர்ந்து சின் போயிருக்காது, ஆனா போகாத ஒண்ணுக்குப் பதிலா சின்-ஆக் (சரின்னு பதில்), ரீசெட் (முடியாதுன்னு பதில்) எல்லாம் உள்ள வந்துட்டு இருக்கும். அந்த கேப்சரை வெச்சு ஹோஸ்டிங்குக்கு எழுதுங்க, நெட்வொர்க் தெரிஞ்சவங்க உடனே புரிஞ்சுப்பாங்க.

கேள்வி: போலீஸ் கேட்டா? லாக் எடுத்து வெக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எக்ஸிட் ட்ராஃபிக்கை எட்டிப் பாக்குறது நம்மள நம்பி வர்றவங்களுக்குத் துரோகம், அமெரிக்காவுல அதுவே சட்டச் சிக்கலாகலாம்னு ஈஎஃப்எஃப்ங்கிற டிஜிட்டல் உரிமை அமைப்பு எச்சரிக்குது. எக்ஸோனரேட்டர்னு டோர் ப்ராஜெக்டோட பக்கம் இருக்கு, ஐபியும் தேதியும் குடுத்தா அன்னைக்கு அது ரிலேவா இருந்துச்சான்னு காட்டும், அதைக் குடுங்க. விசாரணைக்கு வக்கீல் இல்லாம போகாதீங்க.

கேள்வி: வீட்டு ப்ராட்பேண்ட்ல எக்ஸிட் ஓட்டலாமா?

பதில்: கூடாதுங்க. போலீஸ் கதவைத் தட்டுனா வீட்ல இருக்குற எல்லா மெஷினும் போகும். எக்ஸிட்டை ஒத்துக்குற ஹோஸ்டிங்ல, வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிட்டு ஓட்டுங்க. வீட்லேர்ந்து உதவணும்னா பிரவுசர்ல ஸ்னோஃப்ளேக் எக்ஸ்டென்ஷன் போடுங்க (டோரைத் தடை பண்ண இடத்துல இருக்குறவங்க உங்க வழியா டோருக்குள்ள நுழைய உதவும்), ட்ராஃபிக் உங்ககிட்டேர்ந்து டோருக்குள்ளதான் போகும், எந்த சைட்டுக்கும் உங்க ஐபி தெரியாது.