ரிசீவர் மேல பழி போடாதீங்க

பழுது பார்க்கும் பக்கம். பதில் சொல்பவர், கொழிஞ்சாம்பாறையில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவர்.

கேள்வி: அண்ணா, என்னோட ரிமோட் ஹெலிகாப்டர் (450 சைஸ், மூணு செல் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி) தென்னந்தோப்பு ஓரமா விழுந்துடுச்சு. பிளேடு ரெண்டும் உடைஞ்சுது. இப்ப பேட்டரியை மாட்டினா ரிசீவர் (ரிமோட் சிக்னலை வாங்கற பெட்டி) லைட் எரியுது, கொஞ்ச நேரத்துல அணைஞ்சுடுது. கழட்டி ஆறவிட்டு மாட்டினா மறுபடி எரியுது, மறுபடி அணையுது. பாலக்காட்டு நண்பர் ரிசீவர் போச்சுன்னு சொன்னார். புதுசு வாங்கிப் போட்டேன், அதுவும் அதே கதை. இனி ஈ.எஸ்.சி.யையும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற சர்க்யூட்) மாத்தணுமா? ஸ்வாஷ்பிளேட்டுக்கு (பிளேடு சாய்வை மாத்தற தட்டு) பின்னாடி இருக்கற செர்வோ (சிக்னலுக்கு ஏத்தாப்புல கையைத் திருப்பற குட்டி மோட்டார் பெட்டி) தொட்டா சுடுது. வெயில்ல வச்சிருந்ததாலன்னு நினைக்கிறேன்.
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: தம்பி, உங்க கடிதத்துல எனக்கு வேணுங்கறது கடைசி ரெண்டு வரியிலதான் இருக்கு. வெயில்னா நாலு செர்வோவும் சுட்டிருக்கணுமுங்க. ஒண்ணை மட்டும் தேடிப் பிடிச்சுச் சுடற வெயில் நம்ம சித்தூர் தாலுக்காவுல கூட கிடையாது.

கரண்ட் போற வழியைப் பாருங்க. பேட்டரியோட 11.1 வோல்ட் நேரா ஈ.எஸ்.சி.க்குப் போகுது. அங்கிருந்து மோட்டாருக்கு ஒரு வழி. அதே ஈ.எஸ்.சி.க்குள்ள பி.ஈ.சி.ன்னு ஒரு சின்ன ரெகுலேட்டர் 5 வோல்ட்டாக் குறைச்சு ரிசீவருக்குக் குடுக்குது, அது இன்னொரு வழி. நாலு செர்வோவும் சாப்பிடறது அந்த 5 வோல்ட்லதான். ரிசீவர் குடிக்கறது ஒரு வாய், மிச்சமெல்லாம் செர்வோவுக்குத்தான்.

விழுந்த வேகத்துல செர்வோ கை திருகியிருக்கும். உள்ள இருக்கற நைலான் கியர்ல ஒரு பல்லு ஒடிஞ்சு ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல சிக்கிக்கும். ரிசீவர் "இந்த இடத்துக்கு வா"ங்குது, செர்வோவால வர முடியல, விடவும் மாட்டேங்குது. உள்ள இருக்கற குட்டி மோட்டார் சுத்தாம நின்னுக்கிட்டே கரண்டை இழுக்குது. பழைய மாதிரி லீனியர் பி.ஈ.சி.யா இருந்தா 11.1லிருந்து 5க்கு இறக்கற மிச்ச 6.1 வோல்ட்டும் சூடாத்தான் வெளிய போகணும். ஒரு ஆம்பியர் இழுத்தாலே 6 வாட் சூடு, அதுவும் நகத்தளவு சில்லுல, மேல ஷ்ரிங்க் உறை வேற. தாங்க முடியாம தானே அணைஞ்சுக்கும். ஆறினா மறுபடி உயிர் வரும். நீங்க எழுதினது அப்படியே இதுதான். ரெண்டு ரிசீவரும் சொல்லி வச்சாப்புல ஒரே மாதிரி கெட்டுப் போறது நடக்காதுங்க.

ஆனா நான் கடையில உக்காந்து கடிதத்தைப் பார்த்துச் சொல்றேன், பொருளைத் தொட்டுச் சொல்லல. நீங்களே உறுதி பண்ணிக்கங்க. முதல்ல மோட்டாரோட மூணு ஒயரையும் பிடுங்கிடுங்க. ஈயம் வச்சு ஒட்டியிருந்தா மோட்டாரைத் தள்ளி, பினியன் (மோட்டார் தண்டுல இருக்கற சின்ன கியர்) பெரிய கியரைத் தொடாம பண்ணுங்க. இதைச் செய்யாம டேபிள் மேல பேட்டரி மாட்டற பசங்களைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

அப்புறம் பேட்டரி. பேலன்ஸ் பிளக்குல (ஒவ்வொரு செல்லுக்கும் தனி ஒயர் வர்ற சின்ன பிளக்) மீட்டர் வச்சு ஒவ்வொரு செல்லும் 3.7க்கும் 4.2க்கும் நடுவுல இருக்கான்னு பாருங்க. வீட்டு ஒயரிங்குக்குச் சீரீஸ் பல்பு போட்டுப் பார்ப்போமில்லையா, அதே மாதிரி பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட், பாசிட்டிவ் ஒயர்ல சீரீஸா போடுங்க. செர்வோ ஒண்ணுமில்லாம ஈ.எஸ்.சி., ரிசீவர் மட்டும் இருக்கட்டும். பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைஞ்சா நல்லது, அது கெப்பாசிட்டர் நிரம்பற மினுக்கு. பளிச்சுன்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா ஈ.எஸ்.சி.க்குள்ள ஷார்ட். பேட்டரியைக் கழட்டிட்டு மேற்கொண்டு நோண்டாதீங்க.

மினுக்கிட்டு அணைஞ்சுதுன்னு வைங்க. பல்பை எடுத்துட்டு, ரிசீவர்ல காலியா இருக்கற ஏதாவது ஒரு சேனல்ல சிவப்புக்கும் பழுப்புக்கும் (சிலதுல கருப்பு) நடுவுல அளங்க. 5 வோல்ட் அசையாம நிக்கணும். பத்து நிமிஷம் விட்டாலும் லைட் அணையாட்டி ரிசீவரும் நல்லா இருக்கு, பி.ஈ.சி.யும் நல்லா இருக்கு. உங்க பழைய ரிசீவரையும் இதே மாதிரி வச்சுப் பாருங்க, அதுவும் எரியும்னுதான் எனக்குத் தோணுது. இனி செர்வோவை ஒவ்வொண்ணா மாட்டுங்க, மீட்டரைப் பார்த்துக்கிட்டே. சூடாகற அந்தப் பின்பக்கத்து ஆளைக் கடைசியா மாட்டுங்க. முள்ளு 5லிருந்து சரிஞ்சா திருடன் கிடைச்சாச்சு.

அந்தச் செர்வோ கிடைச்சதும் குப்பையில போட்டுடாதீங்க. அடியில இருக்கற நாலு ஸ்க்ரூவும் நீளம், அதைக் கழட்டினா மேல் மூடி தனியா வந்துடும். கியரைப் பார்த்து, மோந்தும் பாருங்க. கருகின வார்னிஷ் வாசம் அடிச்சா மோட்டார் போச்சு, புது செர்வோதான். வாசமில்லாம பல்லு மட்டும் ஒடிஞ்சிருந்தா கியர் செட்டு தனியா கிடைக்கும், அதை மட்டும் போடுங்க.

செர்வோ ஒண்ணுமில்லாமலே 5 வோல்ட் சரிஞ்சா பி.ஈ.சி. சூட்டுல கெட்டிருக்கு. அப்பக்கூட ஈ.எஸ்.சி. முழுசும் போகணும்னு இல்ல. மீட்டரை டயோடு மோடுல வச்சு, மோட்டார் ஒயர் மூணுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும், அப்புறம் மைனஸுக்கும் அளங்க. மூணும் ஒரே மாதிரி காட்டணும். ஒண்ணு சைபர்கிட்ட நின்னா அந்த ஒயரோட மாஸ்ஃபெட் (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடற சில்லு) போச்சு. மூணும் சரின்னா, ரிசீவருக்கு வர்ற பிளக்குல சிவப்பு ஒயரை மட்டும் உருவி டேப் சுத்திட்டு, தனி பி.ஈ.சி. ஒண்ணை வச்சு ஓட்டலாம்.

கேக்காத ஒண்ணும் சொல்றேன். விழறது தெரிஞ்ச அந்த நொடியே திராட்டில் ஹோல்டை (மோட்டாரை நிறுத்தற ரிமோட் சுவிட்ச்) போட்டுடணும். பிளேடு மண்ணுல குத்தி நின்ன பிறகும் மோட்டாருக்குக் கரண்ட் போனாத்தான் ஈ.எஸ்.சி. வேகுது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆடியில அம்மியையே தூக்கற ஊர் நம்மளுது. அந்த மாசம் விடியக்காலையில பறக்க விடறதோட நிறுத்திக்கங்க.

கேள்வி: விழுந்ததுல லிப்போ பேட்டரி உப்பியிருக்கு. ஊசியால குத்திக் காத்தை வெளிய விடலாமா?
– வாசகர், முதலமடை

பதில்: கூடவே கூடாதுங்க. ஊசி ரெண்டு தகட்டையும் ஒட்டவச்சா அந்த இடத்துலயே தீ. சார்ஜும் போடாதீங்க. மாந்தோப்புல காஞ்ச சருகு கிடக்கும், அங்க வேண்டாம். வெட்டவெளியில மண்சட்டியில மணல் போட்டு வச்சு, 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒண்ணை மாட்டி, பக்கத்துல நிக்காம, முழுசா வடிய விடுங்க. பிறகு மின்கழிவு வாங்கறவங்ககிட்ட குடுங்க. உப்புத்தண்ணியில போட்டாப் போதும்னு சொல்லுவாங்க. முனை அரிச்சுப் போயி உள்ள சார்ஜ் அப்படியே தங்கிடறதும் உண்டு.

கேள்வி: நடவு வயல்ல விழுந்து ரிசீவர் நனைஞ்சுடுச்சு. அரிசிக்குள்ள போட்டு வைக்கட்டுமா?
– வாசகர், கொல்லங்கோடு

பதில்: அரிசியைச் சோத்துக்கு வைங்க. வயல் தண்ணியில சேறும் உரமும் இருக்கும், ஈரம் காஞ்சாலும் அது போர்டுலயே நிக்கும். பேட்டரியைக் கழட்டிட்டு, உறையைப் பிரிச்சு, நல்ல தண்ணியில அலசுங்க. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பழைய பல் பிரஷ்ஷால மெதுவா தேய்ச்சு, ஃபேனுக்கு அடியில ஒரு நாள் முழுக்க வைங்க. மாட்டறதுக்கு முன்னாடி பின்னு ஓரத்துல பச்சையாக் களிம்பு பூத்திருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க. பூத்திருந்தா அதைத் தரையில வச்சு ஓட்டற காருக்குப் போடலாம், ஹெலிகாப்டருக்கு வேண்டாம்.