டிமென்ஷியா உள்ள அம்மாவுக்கு முதியோர் இல்லம்: எதைப் பார்த்து முடிவு செய்வது?

கோவையில் ஒரு இல்லம் பார்த்திருக்கிறீர்கள், அம்மாவை நம்பி விடலாமா என்று கேட்கிறீர்கள்.

ஒரு தடவையாவது சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். டிமென்ஷியா என்கிற மறதி நோயில் பலருக்கும் பொழுது சாயும்போதுதான் பதற்றம் கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வந்துவிடுவார்கள். அப்போது பணிப்பெண், "வாங்கம்மா, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்று கூடவே நடக்கிறாரா, அதட்டி உட்கார வைக்கிறாரா? என்னைக் கேட்டால் பாதி முடிவு அதிலேயே இருக்கிறது.

அங்கே இருப்பவர்கள் எல்லோரும் பகலிலும் தூங்கி வழிந்தாலும் உஷார், மாத்திரை கொடுத்து அடக்கி வைத்திருக்கலாம். மனநோய்க்குத் தரும் சில மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005லேயே எச்சரித்தது. அந்த இல்லத்தில் அவற்றை யார் எழுதித் தருகிறார், எப்போது குறைப்பார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம் ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு ஆள், படுத்த படுக்கையானவர்களை எத்தனை மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பளபளக்கும் தரையும் தோட்டமும் பெரும்பாலும் நம்மைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தான்! டயப்பர், ஆஸ்பத்திரிச் செலவு, அட்வான்ஸ் திரும்பக் கிடைப்பது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.