கம்ப்ரசரை விற்பதா, காற்றை விற்பதா?

அன்புள்ள ஐயா,

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏர் கம்ப்ரசர் செய்து விற்கிறோம். விலைப் போட்டியில் லாபம் தேய்ந்துகொண்டே வருகிறது. மெஷினை விற்காமல் வாடிக்கையாளர் இடத்தில் நாமே வைத்து, அவர் பயன்படுத்தும் காற்றுக்குக் கன மீட்டர் கணக்கில் பணம் வாங்கலாம் என்கிறாள் என் மகள். இப்போதுள்ள ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதாதா?

ஒரு வாசகர், அம்பத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. மகள் சொல்வது நல்ல யோசனை. ஆனால் ஏஎம்சி மாதிரி கடைசியில் ஒட்டவைத்தால் கையைச் சுட்டுவிடும்.

1962-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தன் வைப்பர் விமான இன்ஜினுக்கு இப்படி ஒரு ஏற்பாடு செய்தது. பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு நிலையான தொகை. பழுதும் உதிரிபாகமும் கம்பெனி பொறுப்பு. அதுவரை வருமானமாக இருந்த ரிப்பேர், அன்றிலிருந்து செலவாகிவிட்டது.

உங்களுக்கும் அதேதான். இன்று ஃபில்டர், ஆயில், காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டர் எல்லாம் விற்றுக் காசு பார்க்கிறீர்கள். நாளை அதெல்லாம் உங்கள் கைக்காசு. அப்போது டிராயிங்கே மாறியாக வேண்டும். செபரேட்டரை மாற்ற டேங்க் மூடியில் இருக்கும் குழாய்களை எல்லாம் அவிழ்க்க வேண்டுமா, அல்லது வெளியிலிருந்தே திருகிக் கழற்றலாமா? மெக்கானிக் ஒரகடம் போய்வரவே அரை நாள் ஓடிவிடும். அங்கே குழாயோடு மல்லுக்கட்டும் நேரத்துக்கும் நீங்கள்தான் கூலி கொடுக்கிறீர்கள். அதனால் டிசைன் செய்பவர் பக்கத்தில் உங்கள் சர்வீஸ் ஆளை முதல் நாளே உட்காரவையுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் கரண்ட். கம்ப்ரசரின் ஆயுள்காலச் செலவில் பெரும்பங்கு அதுதான். காற்றழுத்தத்தை ஒரு ‘பார்’ அளவு குறைத்தால் சுமார் 7 சதவீதம் மின்சாரம் மிச்சம். அந்த மிச்சம் யாருக்கு? பில்லை வாடிக்கையாளர் கட்டினால், அதைக் குறைக்க உங்களுக்கு என்ன அவசரம்? நீங்களே கட்டினால் மெஷினைத் திறமையாகச் செய்ய உங்களுக்கே ஆசை வரும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அவர் லைனில் கசியும் காற்றும் மீட்டரில் ஏறும். ‘இவ்வளவு பில்லா?’ என்று சண்டை வரும். கசிவு பார்த்து அடைப்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். மாதக் குறைந்தபட்சத் தொகையும் வேண்டும். ஆர்டர் இல்லாமல் அவர் ஷிஃப்ட்டை நிறுத்தினாலும் உங்கள் வங்கித் தவணை நிற்காது.

விலை பேசுவது பிறகு. பழகிய வாடிக்கையாளர் ஒருவரிடம் இப்போதைய மெஷினிலேயே காற்றை அளக்கும் ஃப்ளோ மீட்டரும் மின்மீட்டரும் மாட்டி, சில மாதம் கணக்கெடுக்கச் சொல்லுங்கள் மகளிடம்.